ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த காய்ச்சல்

கணக்கு எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என்னிடம் மிஞ்சியது எதையும் கட்டம் போட்டு எழுதும் பழக்கம் ஒன்றுதான். எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக்குகள், 180 வீடுகள். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தபோது, சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு எண்ணிக்கை சொன்னார்கள். ஒருவர் பத்துப் பேர் இருக்கும் என்றார். இன்னொருவர் ஐம்பதுக்குக் குறையாது என்று மேசையைத் தட்டினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது. "சரி, நான் எழுதிவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நோட்டில் நான்கு கட்டங்கள் இருந்தன: தேதி, வீட்டு எண், பெயர், நோய். இப்போதுள்ள நோட்டில் ஒன்பது கட்டங்கள். பெயர்க் கட்டம் மட்டும் போய்விட்டது. சேர்ந்த கட்டங்களும் சரி, போன கட்டமும் சரி, நான் தப்புப் பண்ணியதால் வந்த மாற்றங்கள்தான்.

முதல் தப்பு தேதியில். ஞாயிறு காலையில் வீடு வீடாகப் போய்க் கேட்பேன், அன்றைய தேதியைப் போட்டு எழுதுவேன். ஒரு மாதம் கழித்து, நாளுக்கு எத்தனை பேர் என்று பட்டைப் படம் வரைந்தேன். நான்கு கோபுரங்கள் நின்றன, நடுவில் வெறும் தரை. இதைப் பார்த்து ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பூரிப்பு. சுகாதார ஆய்வாளர் வந்தபோது பெருமையாக நீட்டினேன். என் மகனைவிடச் சின்னவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க பக்கம் எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமைதான் காய்ச்சல் வருமா?" என்றார்.

நான் எழுதியது நோயின் தேதி இல்லை, என் நடையின் தேதி. அவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நோய் தொடங்கிய நாள் தெரிந்தால்தான் அங்கிருந்து பின்னால் எண்ண முடியும், தொற்று எங்கே பிடித்திருக்கும் என்று தேட முடியும். ஒவ்வொரு நோய்க்கும் உடலுக்குள் அடங்கியிருக்கும் காலம் ஒன்று உண்டு. வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். டெங்குவுக்கு 4 முதல் 10 நாள். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள். ஹெபடைடிஸ் ஏ என்கிற மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள், பெரும்பாலும் நான்கு வாரம். அதாவது இன்று ஒருவருக்குக் கண் மஞ்சளானால், போன மாதம் எங்கே போனார், என்ன குடித்தார் என்று கேட்க வேண்டும். போன மாதம் யாருக்கு நினைவிருக்கிறது? கைபேசியில் எடுத்த படங்களைத் தள்ளிப் பார்க்கச் சொல்வேன். அதில் தேதி பொய் சொல்லாது.

தொடங்கிய நாளைக் கேட்டு வாங்குவதும் லேசில்லை. "எப்போதிலிருந்து?" என்றால் "ரெண்டு மூணு நாளா" என்பார்கள். ரெண்டா மூணா என்று கேட்டால் நான் வம்பு பிடிப்பதாக முகம் சுளிப்பார்கள். கடைசியில் எனக்குப் பலன் தந்த கேள்வி இதுதான்: "கடைசியா எந்த நாள் நல்லா இருந்தாங்க?" நன்றாக இருந்த நாளைக் கேட்டால் மனசு அங்கே போய் நின்று யோசிக்கிறது. "செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போனான், சாயங்காலம் விளையாடினான், ராத்திரிதான் உடம்பு சுட்டுச்சு" என்று தானாகவே வரும்.

அப்புறம், எதைக் காய்ச்சல் என்பது என்ற வழக்கு. முதல் வருடம் பல் முளைக்கும் குழந்தையின் வெதுவெதுப்பையும் எழுதினேன், வெயிலில் போய்வந்து தலை வலித்தவரையும் எழுதினேன். இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காய்ச்சல் என்றால் அளந்து பார்த்து 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல். வயிற்றுப்போக்கு என்றால் ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போவது. இந்த வரையறையை வருடத்தின் நடுவில் மாற்றக் கூடாது. மாற்றினால் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியாது. அதேபோல "வீட்டார் சொன்னது", "மருத்துவர் சொன்னது", "பரிசோதனை சொன்னது" என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறேன். பரிசோதனை என்றால் எடுத்த தேதியும் வேண்டும். டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் சில நாட்களில் காட்டிக்கொடுக்கும். ஐஜிஎம் பரிசோதனை நான்கைந்து நாள் போன பிறகுதான் தெரியும். தப்பான நாளில் எடுத்து "இல்லை" என்று வந்ததை நம்பி, இரண்டு பேரை நான் பட்டியலிலிருந்தே அடித்திருக்கிறேன்.

எனக்கு இந்த வேலையில் ருசி வந்தது மூன்றாவது வருடம், ஒரு வாந்திபேதியின்போது. சனிக்கிழமைக்குள் தெரிந்துவிட்டது, இது வழக்கமான நாலைந்து பேர் சமாச்சாரம் இல்லை என்று. தொடங்கிய நாள்படி கட்டம் கட்டமாக வரைந்தேன், ஒரு ஆளுக்கு ஒரு கட்டம். வியாழன் 4, வெள்ளி 21, சனி 8, ஞாயிறு 1. மொத்தம் 34 பேர். செங்குத்தாக ஏறி, சடாரென்று இறங்கும் ஒற்றை மலை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும் நோய் இப்படி இருக்காது. அது அலை அலையாக, இடைவெளி விட்டு வரும். ஒற்றை மலை என்றால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

புதன்கிழமை மாலை குடியிருப்பில் ஒரு விருந்து நடந்திருந்தது. போதாதா? விருந்துச் சாப்பாடுதான் காரணம் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். சமைத்தவரைக் கூப்பிட்டுத் திட்டவும் ஆள் கிளம்பியாயிற்று. நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன். 34 பேரிடமும் கேட்டதில் முக்கால்வாசிப் பேர் விருந்துக்குப் போயிருந்தார்கள்.

ஆய்வாளர் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "உடம்புக்கு வராதவங்க எத்தனை பேர் சாப்பிட்டாங்க?" நான் அவர்களைக் கேட்கவே இல்லை. நோயாளிகளை மட்டும் கேட்டால், ஊரே செய்த எதுவும் குற்றவாளியாகத்தான் தெரியும். விருந்துக்குக் குடியிருப்பே போயிருந்தது, அதனால் நோயாளிகளும் போயிருந்தார்கள், அவ்வளவுதான். மறுபடி படியேறி இறங்கினேன். சி பிளாக்கில் விருந்துக்குப் போனவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு நோய். போகாதவர்களிலும் ஐந்தில் இரண்டு பேர். ஏ, பி பிளாக்குகளில் நிறையப் பேர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாகவே இருந்தார்கள். சமைத்தவர் தப்பித்தார்.

நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் சி பிளாக். அப்படியானால் சி பிளாக்கின் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் இடறிய கல் ஒன்று இருந்தது: நோயாளிகளில் 3 பேர் ஏ பிளாக் குழந்தைகள். அதே சமயம் சி பிளாக்கின் நடுவில் ஒரு வீட்டில் ஆறு பேரில் ஒருவருக்குக்கூட ஒன்றும் இல்லை. அந்த வீட்டுப் பாட்டி கொதிக்கவைக்காத தண்ணீரை யாரையும் தொடவிட மாட்டார். ஏ பிளாக் குழந்தைகளோ மாலையில் சி பிளாக் தோட்டத்துக் குழாயில் வாய் வைத்துக் குடிப்பவர்கள். பிள்ளைகளின் பெற்றோருக்கே இது தெரியாது. குழந்தைகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

பொருந்தாத ஆட்களைத் துரத்திப் போவது புதுசு இல்லை என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா 600 பேருக்கு மேல் கொன்றபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ப்ராட் தெருவின் அடிகுழாயைச் சந்தேகித்தார். பக்கத்திலேயே இருந்த மதுவடிசாலைத் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை? அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு பெண்மணி ஏன் இறந்தார்? ப்ராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்து, தினமும் தருவித்துக் குடித்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இந்தக் கதையில் ஸ்னோவின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார். ஸ்னோ சொல்வது தப்பு என்று காட்டத்தான் கிளம்பினார். வீடு வீடாக, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டவர், கடைசியில் ஸ்னோ சொன்னதுதான் சரி என்று ஆதாரத்தோடு வந்து நின்றார். குழாயடி வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணி அலசிய நீர் கிணற்றருகே இருந்த கழிவுக்குழிக்குப் போனதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தத் தெருவின் கதவுகள் அவருக்குத் திறந்தன.

எங்கள் கதைக்கு வருகிறேன். சி பிளாக்கின் நிலத்தடித் தொட்டிச் சுவரில் விரிசல். மூன்றடி தள்ளிக் கழிவுநீர்க் குழாய். புதன்கிழமை பெய்த கனமழை மீதியைச் செய்திருந்தது. தொட்டியை இறைத்துக் கழுவி, பூசி, குளோரின் போட்டோம். குளோரின் போட்டால் மட்டும் போதாது, அரை மணி நேரம் கழித்துக் குழாய்முனையில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சின்னப் பெட்டி போதும், சிறு பிள்ளையும் செய்துவிடும். இப்போது வாரம் ஒருமுறை அந்த எண்ணும் நோட்டில் ஏறுகிறது.

டெங்கு வேறு பாடம் கற்றுக்கொடுத்தது. வீட்டு எண்படி வரைபடத்தில் புள்ளி வைத்தேன். மூன்று பிளாக்கிலும் கோலப் புள்ளி மாதிரி சிதறிக் கிடந்தன. கூட்டமே இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து ஓரிரு நூறு மீட்டருக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். நானோ இரவில் படுக்கும் இடத்தை வைத்துப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். "பகலில் எங்கே" என்று ஒரு கட்டம் சேர்த்துக் கேட்டதில், 14 பேரில் 9 பேர் பள்ளி விட்டதும் ஒரே பராமரிப்பு இல்லத்தில் மாலை வரை இருக்கும் குழந்தைகள். மாடிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளில் கொசுப்புழு நெளிந்தது.

தட்டைக் கவிழ்ப்பதோடு விட்டுவிட்டோம் முதலில். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை என்று வைத்தால் கணக்குச் சரியாக வரும்.

சுத்தம் செய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் புதிதாகக் காய்ச்சல் வந்தது. "இவ்வளவு பண்ணியும் வருதே, இதுக்கா ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்தீங்க?" என்று படிக்கட்டிலேயே நிறுத்திக் கேட்டார் ஒருவர். ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் கொசு இன்னும் சில வாரம் கடிக்கும், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர அதற்கு மேல் 10 நாள் வரை ஆகலாம். இதை முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. இப்போதெல்லாம் வேலையைத் தொடங்கும்போதே "இன்னும் மூன்று வாரம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிடுகிறேன்.

டெங்குவில் இன்னொரு பழக்கத்தையும் மாற்றினேன். காய்ச்சல் விட்டதென்றால் "குணம்" என்று எழுதி வரியை மூடிவிடுவேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் சிலருக்கு ஆபத்து தொடங்கும் நேரம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து துவண்டு கிடப்பது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனை. ஒரு பையனை நான் "குணம்" என்று மூடிய மறுநாள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தான். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் தொடர்ந்து கேட்பது அதிலிருந்து வந்த வழக்கம்.

எல்லா நோய்க்கும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாது. தட்டம்மை ஒரே ஒருவருக்கு என்றாலும் அன்றைக்கே சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லிவிடுகிறேன். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடுகிறது, நோயாளி எழுந்துபோன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கிறது. காலரா சந்தேகமும், காரணம் தெரியாத சாவும் அப்படித்தான். நான் மருத்துவர் இல்லை. உறுதி செய்வது என் வேலையும் இல்லை. சந்தேகத்தைச் சீக்கிரம் சொல்வதோடு என் பங்கு முடிகிறது.

இனி அந்தப் பெயர்க் கட்டம். இதை எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது.

நான்காவது வருடம், கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் திறந்து கிடந்த பக்கத்தை யாரோ படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான், எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று. அந்தப் பக்கத்தில் காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவரின் பெயரும் வீட்டு எண்ணும் இருந்தன. சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அவர் மாதக்கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? அவருடைய மகளோடு விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். லிஃப்டில் அவர் ஏறினால் இறங்கினார்கள். வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருடைய மனைவி என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகு சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்கம்மா. எங்க வீட்டு வாசலுக்கு வராமலே இருந்திருக்கலாம்." இரண்டு மாதத்தில் அவர்கள் போய்விட்டார்கள்.

மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண்ணை நியூயார்க் சுகாதார அதிகாரிகள் 1907-இல் பிடித்து அடைத்தார்கள். உடம்பில் நோய்க்குறியே இல்லாமல் டைஃபாய்டு கிருமியைச் சுமந்தவர். 1910-இல் விட்டு, 1915-இல் மறுபடி பிடித்து, 1938-இல் சாகும்வரை தனிமையில் வைத்தார்கள். அவரைப் போலக் கிருமி சுமந்த மற்ற பலர் வெளியே நடமாடினார்கள். "டைஃபாய்டு மேரி" என்ற பெயர் மட்டும் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. நான் எழுதிய ஒரு வரியும் ஒரு மனிதரின் மேல் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டதே என்று பல இரவுகள் உறுத்தியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்." நானும் 0 என்று எழுதினேன். யாருக்கும் ஒன்றும் இல்லையென்றாலும் அந்த வாரத்துக்கு 0 போட வேண்டும் என்பது என் விதி. வெற்றுக் கட்டம் என்றால் போகவில்லை என்று பொருள், 0 என்றால் போய்க் கேட்டேன் என்று பொருள். பதினோரு வாரம் வரிசையாக 0. குடியிருப்பே நலமாகிவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பக்கூடச் செய்தேன்.

மருந்துக்கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் கண்ணைத் திறந்தது: குழந்தைகளின் காய்ச்சல் மருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் மழைக்காலம் மாதிரி போகிறதாம். பள்ளி வேன் ஓட்டுநரைக் கேட்டேன், காலையில் பாதி இருக்கை காலி என்றார். காய்ச்சல் எங்கேயும் போகவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் பெயர்க் கட்டத்தைக் கத்தரித்துக் கிழித்தேன். இப்போது வீட்டுக்கு ஒரு குறியீட்டு எண். எந்த எண் எந்த வீடு என்கிற தாள் வேறு இடத்தில், என்னைத் தவிர ஒருவரிடம் மட்டும். அறிவிப்புப் பலகையில் மொத்த எண்ணிக்கை மட்டும் போகும். ஒரு பிளாக்கில் ஐந்துக்குக் குறைவானவர்கள் என்றால் பிளாக் பெயரும் போகாது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நோட்டுக்குப் பூட்டு. படம் எடுக்க அனுமதி இல்லை. வீட்டுக்குப் போனாலும் கேள்வியோடு தொடங்குவதில்லை. போன வாரம் எத்தனை பேர், தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று முதலில் நான் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். எல்லாக் கதவும் திறக்கவில்லை. பி பிளாக்கில் மூன்று வீடுகள் இன்றும் சங்கிலி போட்டபடியே பதில் சொல்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்தப் பதினோரு வாரத்தின் 0-க்களை நான் அழிக்கவில்லை. கணக்கில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு 0-க்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுத எண் எதுவும் இல்லாததால், கேள்விக்குறி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.